ஏரிக்கு மேலே நின்றுபோன நாற்காலிகள்

1

பூங்காவில் வேலை என்று சொன்னால், நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றே ஊரில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். "ஒரகடத்துல ஃபிட்டரா இருந்தவன், அங்க போயி தோட்டக்காரனா கீறானாம்" என்று என் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் சொன்னாராம். அம்மா அதைப் போனில் சொல்லிவிட்டு, "அப்படியாடா பிரான்சிஸு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அப்படி இல்லை. போலந்து நாட்டில், நான் இருக்கும் நகரத்தின் நடுவே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தே போனால் பாதி நாள் போய்விடும். உள்ளே ஓர் ஏரி. அதில் அன்னப்பறவை வடிவில் காலால் மிதிக்கும் படகுகள். குழந்தைகளுக்கு ஒரு சின்ன ரயில், ஒரு ராட்டினம், சறுக்கு மைதானம், ரோஜாத் தோட்டம், வழியெங்கும் சர்க்கரை தூவிய அப்பம் சுடும் கடைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு இருவர் உட்காரும் நாற்காலிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். லிஃப்ட் என்போம். முன்னால் ஒரு தடுப்புக் கம்பி, அவ்வளவுதான். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரங்களையும் ஏரியையும் கடந்து பூங்காவின் மறுமுனைக்குப் போகலாம். அந்த நாற்காலிகளை ஓட்டும் மோட்டார், கியர்பாக்ஸ், பெரிய சக்கரம் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குகளில் நான் ஒருவன்.

இந்த மே மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து ஆறு வருடம் முடிகிறது. வந்து இறங்கிய நாளில் வருடாவருடம் என் மனைவி ஸ்டெல்லா பிரியாணி செய்வாள். இந்த வருடம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என்னை ஓர் ஏஜென்ட் இங்கே கார் சீட் செய்யும் கம்பெனிக்குத்தான் அனுப்பினார். அங்கே ஒரு ஷிஃப்டைக் குறைத்தபோது எங்களைப் போன்றவர்கள் முதலில் வெளியே வந்தோம். பூங்காவுக்கு மெக்கானிக் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே தங்குவதற்கு ஓர் அட்டை வேண்டும். கார்த்தா என்பார்கள். அந்த அட்டைக்கான விண்ணப்பத்தில் முதலாளியின் பெயர் இருக்கும். வேலை போனால் விண்ணப்பமும் போனது போலத்தான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் கைரேகை கொடுத்துவிட்டு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் நிமிராமலே "ப்ரோஷெ செகாச்" என்பார். தயவுசெய்து காத்திருங்கள் என்று அர்த்தம். இந்த மொழியில் நான் அதிகம் கேட்ட சொற்கள் இவைதான்.

மொழி எனக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, கோணலாக வந்தது. பூங்காவில் சேர்ந்த புதிதில் பேரிங்குக்கு இவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "வொஜிஸ்கோ" என்றார்கள். வீட்டுக்கு வந்து போனில் போட்டுப் பார்த்தால் 'நஞ்சுக்கொடி' என்று காட்டியது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா வேல பாக்கற அங்க?" என்றாள். இரண்டுக்கும் இங்கே ஒரே சொல்தானாம்.

மகள் ஜெனி இங்கே வந்தபோது ஒன்பது வயது. இப்போது பதினைந்து. கனவுகூட இந்த மொழியில்தான் காண்கிறாள் என்று நினைக்கிறேன். இவர்கள் அப்பாவை 'தாத்தா' என்பார்கள். நம் காதுக்கு அப்படித்தான் விழும். ஜெனியும் தோழிகளைப் பார்த்து என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். வீடியோ காலில் அதைக் கேட்ட அம்மா, "யார கூப்புடுது கொயந்த? அவுருதான் செத்து எத்தினி வருஷமாச்சு" என்று பதறிப்போனாள்.

போன வருடம் ஜெனி தன் வகுப்புப் பிள்ளைகளோடு பூங்காவுக்கு வந்தாள். கிரீஸ் கையோடு நான் கையசைத்தேன். அன்று மாலை அவள் இந்த ஊர் மொழியில், ரொம்ப மரியாதையாக, இனிமேல் அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொன்னாள். நான் சரி என்றேன். அதன் பிறகு அவள் பூங்கா பக்கம் வந்ததாக எனக்குத் தெரியாது.

3

மே மாதத் தொடக்கத்தில் இங்கே அடுத்தடுத்து விடுமுறை. குளிர் விட்டு வரும் முதல் விடுமுறை என்பதால் ஊரே பூங்காவில்தான் இருக்கும். அன்று காலையில் வெயில் அடித்தது. மதியம் மேகம் கூடியது. நாற்காலிகள் காலி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. இயக்குபவர் அறையில் ஸ்தாஷெக் இருந்தார். ஓய்வுபெறும் வயதில் இருக்கும் நல்ல மனிதர், வருடக்கணக்காக அந்த அறையில் உட்கார்ந்து ஏறுபவர்களையும் இறங்குபவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பவர். நான் மோட்டார் பக்கம் நின்று எண்ணெய் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

பெரிய சத்தம் இல்லை. சைக்கிள் பெடலில் ஒரு பால்ரஸ் உடைந்துவிட்டால் காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி. பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது ஓர் இடத்தில் லேசாகக் கடித்துவிட்டுப் போனது. அடுத்த சுற்றிலும் அதே இடம். மூன்றாவது சுற்றில் கடி கொஞ்சம் நீண்டது. என் கை போய் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. யோசித்து அழுத்தினேன் என்று சொன்னால் அது பொய்.

கயிறு குலுங்கி நின்றது. மேலே இருந்தவர்கள் முதலில் ஊ என்று கூச்சலிட்டுக் கைதட்டினார்கள். ஸ்தாஷெக் அறையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன ஃப்ரான்சிஷெக்?" என் பெயர் இவர்கள் வாயில் அப்படித்தான் வரும்.

"சத்தம். பெரிய சக்கரத்தில். பேரிங்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"நீங்கள் உள்ளே இருந்தீர்கள்."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அது நின்றுவிட்டது. நின்ற சக்கரம் என்ன சொல்லும்? வயர்லெஸ்ஸில் பானி பெயாத்தாவின் குரல் வந்தது. பூங்காவின் சவாரிகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. 'பானி' என்பது இங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல். ஏன் நின்றது, எப்போது ஓடும் என்று இரண்டே கேள்வி.

மாற்று ஏற்பாடாக ஒரு டீசல் எஞ்சின் உண்டு. ஆனால் அதுவும் சுழற்றப்போவது அதே சக்கரத்தைத்தான். பேரிங் போய்ச் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கயிறு விலகும். அத்தனை பேரும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறார்கள். இதை எனக்குத் தெரிந்த மொழியில் நான் சொன்னேன். சொன்னதில் இலக்கணம் எதுவும் இருந்திருக்காது.

பானி பெயாத்தா பொறியாளருக்குப் போன் போட்டார். அவர் கடற்கரை ஊர் ஒன்றில் விடுமுறையில் இருந்தார். பேசிவிட்டு, மூச்சிரைக்க எங்கள் இடத்துக்கே வந்துவிட்டார் பானி பெயாத்தா. தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது.

"ஃப்ரான்சிஷெக், கவனமாகக் கேளுங்கள். மெக்கானிக் சத்தம் கேட்டேன் என்று உறுதியாகச் சொன்னால் பொறியாளர் ஓட்ட விடமாட்டார். தீயணைப்புப் படை வந்து ஒவ்வொருவராக இறக்க வேண்டும். உறுதி இல்லை என்று நீங்கள் சொன்னால், மெதுவாக ஓட்டிக் கால் மணி நேரத்தில் எல்லோரையும் இறக்கிவிடலாம். உறுதியாகக் கேட்டீர்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் பையில் போன் அதிர்ந்தது.

4

"அப்பா."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"ஜெனி? அப்பா வேலைல கீறேன்மா."

"தெரியும். நான் மேல கீறேன்."

"எங்க மேல?"

"சேர்ல. ஏரிக்கு மேல. ஓலா கூட வந்தேன்."

"வூட்ல படிக்கறேன்னு அம்மாகிட்ட சொன்னியே?"

"அப்பா, இப்ப அதுவா கேக்கற?"

காற்று இப்போது ஏரிப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே வந்து பார்த்தால் வரிசையாக நாற்காலிகள் ஆடுவது தெரிந்தது. எது அவளுடையது என்று தெரியவில்லை.

"கீழ போட்ல இருக்கவங்க, யாரோ ஸ்விட்ச தப்பா அமுக்கிட்டாங்கன்னு சொல்றாங்க" என்றாள்.

"நாந்தான் நிறுத்தினேன்."

போனில் பின்னால் வேறொரு பெண் அழும் சத்தம் கேட்டது.

"ஓலா ரொம்ப பயப்படறா. கம்பிய தூக்கப் பாக்கறா. கீழ தண்ணிதான, குதிச்சி நீந்திடுவேன்னு சொல்றா."

"விடாத. ஏரி ஆழம் இல்ல. அடியில கல்லும் சேறும்தான். குதிச்சா கால் போயிடும். ரெண்டு கையயும் கம்பி மேல வச்சி அமுக்கிக்கோ. அவகிட்ட எதனா பேசிக்கினே இரு."

"இன்னா பேசறது?"

"எதனா பேசும்மா. போன கட் பண்ணாத, பாக்கெட்ல போட்டுக்கோ."

பானி பெயாத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "யார்?" என்றார்.

"என் மகள். மேலே இருக்கிறாள்."

அவர் முகம் மாறியது. இனி என் வாயிலிருந்து வேறு பதில் வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். உறுதி இல்லை என்று ஒரு சொல் போதும். ஸ்தாஷெக் பொத்தானைத் தட்டுவார், சக்கரம் மெதுவாகச் சுற்றும், கால் மணியில் ஜெனி தரையில் இருப்பாள். பேரிங் அந்தக் கால் மணி தாங்காதா? பத்துக்கு ஒன்பது தாங்கும். அந்த ஒன்று மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

5

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் உற்பத்தி லைன் ஓரமாகவே ஒரு மஞ்சள் கயிறு போகும். கோளாறு என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும் என்று சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் யாரும் இழுக்க மாட்டார்கள் என்பதை உடன் வேலை செய்பவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

குமரேசன் என்று ஒருவன் எங்களோடு இருந்தான். தென்காசிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். காலையில் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவான். ஒருநாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அவன் அந்தக் கயிற்றை இழுத்துவிட்டான். லைன் நின்றது. சூப்பர்வைசர் வந்தார்.

"யாருய்யா இழுத்தது?"

"நாந்தாம் சார். பிரஸ்ஸுல சத்தம் ஒருமாதிரி கேட்டுச்சு."

மெயின்டனன்ஸில் இருந்து வந்து திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. திட்டக்கூட இல்லை. மறுபடி லைன் ஓடியது. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் நீட்டிப்பில் குமரேசன் பெயர் மட்டும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றவனிடம், "நெஜமாவே கேட்டுதாடா?" என்று கேட்டேன். "கேட்டுச்சுல்லா. இல்லாம எதுக்கு இழுக்கப் போறேன்" என்றான். அவனுக்குக் கோபம் இல்லை. நான் கேட்டதுதான் அவனுக்குப் புரியாதது போல இருந்தது.

6

"உறுதியாகக் கேட்டேன்" என்று பானி பெயாத்தாவிடம் சொன்னேன். "ஓட்டாதீர்கள்."

அவர் என்னைப் பார்த்தபடியே வயர்லெஸ்ஸை எடுத்தார். ஸ்தாஷெக் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. புல்வெளிக்கு மேலே நின்றவர்களை ஏணி வைத்து இறக்கத் தொடங்கினார்கள். சின்னக் குழந்தைகளோடு இருந்தவர்கள் முதலில், வயதானவர்கள் அடுத்து. ஏரிக்கு மேலே இருந்தவர்களுக்கு ஏணி எட்டாது. ரப்பர் படகும் கயிறும் வேண்டும், அதனால் அவர்கள் கடைசி. நான் ஏரிக்கரைக்கு ஓடினேன். அன்னப் படகுகளை எல்லாம் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டிருந்தார்கள். அப்போதுதான் ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. அரிசி அளவுக் கட்டிகள்தான், ஆனால் காற்றோடு சேர்ந்து முகத்தில் அடித்தன.

அவளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏரியின் நடுவில், நீல ஜாக்கெட். வீட்டில் போட்டுக்கொள்ளும் மெல்லிய ஜாக்கெட் அது. பக்கத்தில் ஓலா குனிந்து கம்பியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

போனைக் காதில் வைத்தேன். ஜெனி பேசிக்கொண்டிருந்தாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் புரிந்தது. அவள் ஓலாவுக்கு நம் ஊர்த் திட்டுகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மச்சான் போனில் பேசும்போதெல்லாம் காதில் வாங்கி வைத்துக்கொண்டவை.

"பேமானி. சொல்லு. பே-மா-னி."

"பெமனி" என்று பல் தந்தியடிக்க ஓலா சொன்னாள்.

"சோமாரி."

"சொமரி."

இதற்கு என்ன அர்த்தம், யாரைத் திட்டுகிறோம் என்று ஓலா கேட்டாள். ஜெனி கொஞ்சம் நிறுத்தி, இந்த லிஃப்டை, என்றாள். லிஃப்டை நிறுத்தியது யார் என்று அவள் சொல்லவில்லை.

ஒருமுறை காற்று பலமாக அடித்து நாற்காலி பக்கவாட்டில் ஆடியது. ஓலா கத்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். கம்பி மேலே தூக்கிக்கொண்டது. ஜெனி தன் உடம்போடு அதன்மேல் சாய்ந்து கீழே அமுக்கியதைக் கரையிலிருந்து பார்த்தேன். போனில் அவள் முனகுவது மட்டும் கேட்டது. நான் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கியிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது. ஒரு தீயணைப்பு வீரர் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டார்.

தூணில் ஏறி, கயிற்றில் தொங்கியபடி ஒரு வீரர் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஓலாவை முதலில் பட்டையில் கட்டி, படகுக்கு இறக்கினார்கள். படகு அவளைக் கரையில் விட்டுவிட்டு வரும்வரை ஜெனி மேலே தனியாக இருந்தாள். எனக்கு அந்த நேரம்தான் எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது. போனில், "அப்பா கீறேன். கரையிலதான் கீறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவளைக் கரையில் இறக்கி, வெள்ளித் தாள் போன்ற ஒரு போர்வையைச் சுற்றிவிட்டார்கள். உதடு நீலமாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன், தொடத் தைரியம் இல்லை. அங்கே ஒரு கூட்டம் இருந்தது. ஒரு பெண், தன் பையனைப் போர்வையில் சுற்றி அணைத்தபடி, என் சட்டையில் இருந்த பூங்காச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தியது நீதானே, ஒன்றும் இல்லாததுக்கு நிறுத்தினாயாமே என்று உரக்கக் கேட்டார். அதற்குள் அந்தப் பேச்சு பரவிவிட்டிருந்தது. நான் பதிலுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜெனி திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "தோ முய் தாத்தா" என்றாள். இவர் என் அப்பா. அந்தப் பெண் பையனை அழைத்துக்கொண்டு நகர்ந்தார்.

7

மறுநாள் பொறியாளர் வந்தார். காலி நாற்காலிகளோடு டீசலில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார், பிறகு மோட்டாரில் ஓட்டிப் பார்த்தார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சக்கரம் வெண்ணெய் போலச் சுற்றியது. எங்கும் கடிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்க, நான் தலையாட்டினேன். சத்தம் இல்லை என்பதைச் சொல்லத்தானே வேண்டும். தயாரித்த கம்பெனியின் ஆள் வந்து பிரித்துப் பார்க்கும்வரை லிஃப்ட் மூடியிருக்கும் என்றும், என்னை பானி பெயாத்தா கூப்பிடுவார் என்றும் சொன்னார்கள்.

அன்றுதான் நாங்கள் வந்து இறங்கிய நாள். ஸ்டெல்லா அரிசிகூட ஊறவைக்கவில்லை. ஜெனிக்குக் காய்ச்சல். என் மச்சான் ஆரோக்கியம், ஸ்டெல்லாவின் தம்பி, குன்றத்தூரில் இருந்து போன் செய்தான். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் அவன் இப்போது லைன் சூப்பர்வைசர்.

"இன்னா மாமா, ஒண்ணுமே இல்லாததுக்கு நிறுத்திட்டியாமே. அக்கா அழுவுது."

"சத்தம் கேட்டுதுடா."

"கேட்டுது சரி. இப்ப இன்னா ஆச்சு? ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சில்ல. என் லைன்ல எவனாவது இப்படி பண்ணான்னா நான் அவன ஒண்ணும் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா அடுத்த தபா அவன் பேர எழுதவும் மாட்டேன். உன்னாண்ட சொல்றதுக்கு இன்னா. இதான் நெலம."

"தெரியும்டா. நான் பாத்துகிறேன்."

"கார்டு இன்னும் வரலயே மாமா. கொஞ்சம் நெனச்சுப் பாத்து கீறலாம்ல?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டெல்லா போனை வாங்கி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "கொயந்த மேல கீதுன்னு தெரிஞ்சப்புறமும் ஓட்டாதன்னு சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

"சத்தம் வந்துச்சா, வர்லயா? எனக்கு மட்டும் சொல்லு."

"வந்துது."

அவள் எழுந்துபோய் ஜெனிக்குக் கஞ்சி வைத்தாள்.

8

பானி பெயாத்தாவின் அறைக்கு நான் ஜெனியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாக்குமூலம் எழுதி வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் வருவார், இது வெறும் பேச்சு, மகள் வரட்டும் என்று அவரே சொல்லியிருந்தார். ஜெனி பள்ளிக்குப் போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் மாற்றிச் சொன்னாள். என் வாழ்க்கையை வேறொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல்முறை. ஓர் இடத்தில் திணறினாள்.

"பேரிங்க்கு இன்னா சொல்றதுப்பா?"

"வொஜிஸ்கோ."

"அப்பா" என்று முகம் சிவந்து குரலைத் தாழ்த்தினாள். "அது பயாலஜில வரும். அது வேற."

"இதுவும் அதான். சொல்லு."

நம்பாமல் சொன்னாள். பானி பெயாத்தா சாதாரணமாகக் குறித்துக்கொண்டதைப் பார்த்து என் பக்கம் திரும்பினாள். சிரிக்க இடமில்லாத அறையில் இருவரும் ஒரு கணம் சிரிப்பை அடக்கினோம்.

அப்புறம் பானி பெயாத்தா பேனாவைக் கீழே வைத்தார். "கடைசியாக ஒரு கேள்வி. அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டால் என்ன செய்வீர்கள்?"

கேள்வி எனக்கே புரிந்துவிட்டது. ஆனாலும் ஜெனி தமிழில் சொல்லும்வரை காத்திருந்தேன். அந்தச் சில நொடிகள் எனக்கு வேண்டியிருந்தன. முதலில் ஸ்தாஷெக்கைக் கூப்பிடுவேன், மேலிடத்தைக் கேட்டுவிட்டுச் செய்வேன் என்றெல்லாம் சொல்லலாம். அதுதான் அவர் கேட்க விரும்பும் பதில் என்றும் தோன்றியது.

"நிறுத்துவேன்னு சொல்லு."

ஜெனி என் பக்கம் சாய்ந்து, "இத சொன்னா கார்டு போயிடுமாப்பா?" என்றாள்.

"தெரியலம்மா."

"நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லட்டா?"

"வேணாம். அப்படியே சொல்லு."

அவள் சொன்னாள். ஒரே சொல். பானி பெயாத்தா அதையும் எழுதிக்கொண்டு, எழுந்து கதவுவரை வந்து எங்களை அனுப்பிவைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

9

தயாரித்த கம்பெனியின் ஆள் வந்து பேரிங்கைப் பிரித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. எண்ணெயிலும் இரும்புத் தூள் இல்லை. தேவையற்ற நிறுத்தம், நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது என்று அறிக்கையில் எழுதினார்கள். "முதல் பாதி மேலிடத்துக்கு. இரண்டாவது பாதியை உங்களுக்காக நான் கேட்டு வாங்கினேன்" என்றார் பானி பெயாத்தா. என் வேலை போகவில்லை. ஆனால் என்னை மோட்டார் பக்கமிருந்து எடுத்துப் படகுத்துறைக்குப் போட்டார்கள். இந்தப் பருவம் முழுக்க அன்னப் படகுகளின் பெடல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த பருவம் பற்றி யாரும் பேசவில்லை. கார்த்தாவும் வரவில்லை. போன வாரம் போய்க் கேட்டேன், காத்திருக்கச் சொன்னார்கள்.

போன சனிக்கிழமை லிஃப்டைத் திரும்பத் திறந்தார்கள். முதல் அரை மணி வரிசையில் யாரும் இல்லை. நாற்காலிகள் காலியாகவே வந்து காலியாகவே போய்க்கொண்டிருந்தன. நான் துறையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. ஜெனி.

"வாப்பா, ஏறலாம்."

"பயமா இல்லையா?"

"கீது. வா."

கையைத் துடைத்துக்கொண்டு போனேன். ஸ்தாஷெக் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு, நாற்காலியைப் பிடித்து நிறுத்தி ஏற்றிவிட்டார். இத்தனை வருடம் அதற்குக் கிரீஸ் போட்ட நான் அதில் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. ஜெனி தடுப்புக் கம்பியை இறக்கி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். ரோஜாத் தோட்டம் காலுக்குக் கீழே போனது, சின்ன ரயில் போனது. ஏரிக்கு மேலே வந்தபோது அவள் மூச்சை அடக்குவது தெரிந்தது. நானும் கீழே பார்க்கவில்லை.

"சத்தம் வருதாப்பா?" என்றாள்.

இங்கிருந்து அது கேட்காது, மோட்டார் அறை வெகு தூரம் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். கயிறு தூணைத் தாண்டும் சத்தம், காற்று, கீழே யாரோ குழந்தை கத்துவது.

"இல்ல."

"அன்னிக்கு வந்துதில்ல?"

"வந்துது."

"சரி" என்றாள் ஜெனி. கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, ஏரிக்கரையில் யாரையோ காட்டினாள். ஓலா. எங்களைப் பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, ஏரி முழுக்கக் கேட்கும்படி, "பெமனி" என்று கத்தினாள்.